சுட்ட எழுத்தும் கழுவும் எழுத்தும்

பீங்கானில் எழுதுவது எங்கள் வீடுகளுக்குப் புதிய விஷயமல்ல. வெள்ளைப் பீங்கான் ஒன்றில், பன்னீரில் கரைத்த குங்குமப்பூ மையால் லெப்பை ஆயத்து எழுதிக் கொடுப்பார். அதில் தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ச்சல்காரருக்கும் பயந்துபோன பிள்ளைக்கும் பிரசவ நோவில் கிடக்கும் பெண்ணுக்கும் குடிக்கக் கொடுப்பார்கள். 'பீங்கான் எழுதிக் குடிக்கிற' என்றால் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் விளங்கும். இதன் மார்க்க நிலை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. நான் இங்கே கவனிக்க விரும்புவது ஒரேயொரு விஷயம்: அந்த எழுத்து கழுவப்படுவதற்கென்றே எழுதப்பட்டது. கழுவினால் போகாவிட்டால் அதனால் பயனே இல்லை.

இன்று கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள சில மட்பாண்ட ஸ்டூடியோக்களில் இதற்கு நேர்மாறான பீங்கான் எழுத்து நடக்கிறது. வண்ணம் பூசாத கோப்பை, பீங்கான், சின்ன ஓடு என்று தட்டுத்தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் ஒன்றைத் தெரிவுசெய்து, மேசையில் உட்கார்ந்து, விருப்பமானதைத் தீட்டிவிட்டு வரலாம். அவர்கள் அதைச் சூளையில் சுட்டு ஒன்றிரண்டு கிழமை கழித்துத் தருவார்கள். பிறந்தநாளுக்கும் பாடசாலை விடுமுறைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற இடம் எண்டுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். மகளின் விடுமுறைக்காகத்தான் நானும் போனேன். 74 வயதான உம்மாவும் கூட வந்தார். அங்கே ஒரு வெள்ளைப் பீங்கானைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்:

"மகள், இதுல எழுதினா நிக்குமா, இல்லாட்டிக் கழுவுண்டு போகுமா?"

கேள்வி எளிது. ஆனால் அதற்குச் சரியான விடை சொல்வதென்றால் மண்ணையும் கண்ணாடியையும் நெருப்பையும் பற்றிப் பேச வேண்டும். இடையில் பஸராவுக்கும் நைஸாபூருக்கும் ஒருமுறை போய்வரவும் வேண்டும்.

பெயர் வந்த வழி

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'பீங்கான்' தமிழில் பிறந்த சொல் அல்ல. பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் 'பின்கான்' என்ற சொல்தான் நம்மிடம் பீங்கானாக வந்தது. 'பிஞ்ஞாணம்' என்பதும் அதன் உறவுதான். அதே பாரசீகச் சொல் அரபியரிடம் போய் 'ஃபின்ஜான்' ஆனது. அவர்கள் கஹ்வா குடிக்கிற சின்னக் கோப்பைக்கு அதுதான் பெயர். ஆக, நாங்கள் சோறு போட்டுத் தின்கிற பீங்கானும் அரபியர் கஹ்வா குடிக்கிற ஃபின்ஜானும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கந்தூரியிலும் கல்யாண வீட்டிலும் நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற 'சஹன்' நேரடியாக அரபிலிருந்து வந்தது. இந்தப் பாத்திரங்கள் எந்தக் கடல் வழியாக, யார் கையால் நம்மிடம் வந்தன என்பதை அவற்றின் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

கழுவினால் ஏன் போகிறது, ஏன் போவதில்லை

பச்சை மண்ணில் செய்த பாத்திரம் நன்றாகக் காய்ந்த பிறகும் மண்தான். தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும். சூளையில் வெப்பம் ஏற ஏற முதலில் ஈரம் போகும். 450 முதல் 600 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், மண்ணின் மூலக்கூறுகளோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறும். அதன்பிறகு அந்த மண்ணை எவராலும் சேறாக்க முடியாது. ஸ்டூடியோவில் நம் கையில் தருகிற வெள்ளைப் பாத்திரங்கள் ஏறக்குறைய 1000 பாகையில் இப்படி ஒருமுறை சுடப்பட்டவை. தொழிலில் இருப்போர் இதைப் 'பிஸ்க்' என்பார்கள்.

பிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தால் சோக்குக்கட்டி போல் இருக்கும். நாக்கு நுனியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தூரிகையால் வண்ணம் வைத்த மாத்திரத்தில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நிறத்தை மேலே பிடித்துவைத்துக்கொள்ளும்.

நம் வீட்டுக் குசினியில் இருக்கிற பீங்கானோ வேறு மாதிரி. அதன்மேல் ஒரு கண்ணாடிப் படலம் இருக்கிறது. கிளேஸ் என்று சொல்வது இதைத்தான். கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்கா தனியாக உருக 1700 பாகை அளவு வெப்பம் வேண்டும். சாதாரண சூளையில் அது நடக்காது. ஆகவே உருகுநிலையைக் குறைக்கிற பொருள்களைச் சேர்க்கிறார்கள். பழைய காலத்தில் அது சாம்பலாகவோ ஈயமாகவோ இருந்தது. இன்று போரன் சேர்ந்த கண்ணாடித் தூள்களைப் பாவிக்கிறார்கள். உருகிய கண்ணாடி பாத்திரத்திலிருந்து வழிந்துவிடாமல் பிடித்து நிறுத்துவதற்கு அலுமினா உதவுகிறது.

இப்போது உம்மாவின் கேள்விக்கு விடை சொல்லலாம். லெப்பை எழுதுவது கிளேஸின் மேலே. கண்ணாடிக்குத் துளை இல்லை. ஆகவே குங்குமப்பூ மை உள்ளே போகாமல் மேலேயே காய்ந்து நிற்கிறது. தண்ணீர் பட்டதும் கரைந்து இறங்கிவிடுகிறது. ஸ்டூடியோவில் நாம் எழுதுவது கிளேஸுக்குக் கீழே. வண்ணம் பிஸ்க்கில் உட்கார்ந்த பிறகு அதன்மேல் கிளேஸ் பூசி மறுபடி சுடுவார்கள். உருகிய கண்ணாடி எழுத்தின்மேல் படர்ந்து மூடி ஆறிவிடும். அதன்பிறகு கழுவுகிற தண்ணீருக்கும் எழுத்துக்கும் இடையில் கண்ணாடி நிற்கிறது. இப்படிக் கீழே பூசுகிற வண்ணத்துக்கு அண்டர்கிளேஸ் என்று பெயர்.

லெப்பை கிளேஸ் இல்லாத பிஸ்க்கில் எழுதினால் மையில் பாதி பாத்திரத்துக்குள் போய்விடும், கழுவினாலும் வராது. அவர் மினுங்குகிற வெள்ளைப் பீங்கானைத் தெரிவதற்கு இப்படியொரு காரணம் இருக்கிறது.

தூரிகையில் ஒரு நிறம், சூளையில் ஒரு நிறம்

ஸ்டூடியோவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதலில் திகைப்பது நிறத்தைப் பார்த்துத்தான். போத்தலில் இருக்கிற கடும் நீலம் பூசிக் காய்ந்தவுடன் வெளிறிய சாம்பல் நீலமாகத் தெரியும். சிவப்பு இளஞ்சிவப்பாக நிற்கும். சுட்டு வந்த மாதிரி ஓடுகளை மேசையில் வைத்திருப்பார்கள். அவற்றைப் பார்த்துத்தான் நிறத்தைத் தெரிய வேண்டும். போத்தலையோ, காய்ந்த பூச்சையோ நம்பி முடிவெடுக்கக்கூடாது.

துணிச் சாயமோ மரஞ்செடிச் சாயமோ 1000 பாகையில் எரிந்து போய்விடும். அந்த வெப்பத்தைத் தாங்குபவை உலோகங்களின் ஒட்சைட்டுகள். நீலம் கோபால்ட்டிலிருந்து வருகிறது. பச்சை செம்பிலிருந்தோ குரோமியத்திலிருந்தோ வருகிறது. மண்ணிறமும் துருநிறமும் இரும்பு. கத்தரிப்பூ கலந்த கபிலம் மங்கனீசு. சிவப்புத்தான் எல்லாக் காலத்திலும் குயவனுக்குச் சிரமம் கொடுத்த நிறம். துருக்கியின் இஸ்னிக் குயவர்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரும்புச் சத்துள்ள ஒரு மண்ணைத் தடிப்பாகப் பூசித் தக்காளிச் சிவப்பை எடுத்தார்கள். இஸ்தான்பூலில் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் சுவர் ஓடுகளில் அந்தச் சிவப்பை இன்றும் காணலாம்.

பூசும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிஸ்க்கை ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்துத் தூசியை எடுக்க வேண்டும். கையில் கிரீமோ எண்ணெயோ இருந்தால் அந்த இடத்தில் கிளேஸ் ஒட்டாது. பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம், அது சூளையில் எரிந்துவிடும். ஒரு தடவை பூசினால் நிறம் கண்ணாடித்தாள் போல ஊடு தெரியும். அடர்த்தியாக வேண்டுமென்றால் ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்றாக மூன்று தடவை பூச வேண்டும். எழுத்து எழுதுகிறவர்களுக்கு இந்த மூன்று தடவைக் கணக்கு மிக முக்கியம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நைஸாபூர்க் குயவர்கள் கண்ட வழி

எழுத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துச் சுடுகிற வேலை இன்று விடுமுறைப் பொழுதுபோக்கு. ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் அது பெரும் தொழில்நுட்பச் சிக்கலாக இருந்தது.

9ஆம் நூற்றாண்டில், அப்பாஸியர் ஆட்சிக்காலத்தில், சீனாவின் வெள்ளைப் பாத்திரங்கள் கடல் வழியாக ஈராக்குக்கு வந்தன. பஸராப் பக்கத்துக் குயவர்களிடம் சீனர்களின் வெள்ளை மண் இல்லை. இருந்தது மஞ்சள் கலந்த ஆற்று மண். அவர்கள் அதன்மேல் வெள்ளியம் சேர்த்த வெள்ளைக் கிளேஸைப் பூசி மண்ணின் நிறத்தை மறைத்தார்கள். அந்த வெள்ளையில் கோபால்ட் நீலத்தால் எழுதினார்கள். பாத்திரக்காரருக்குப் பரகத் வேண்டிய சொற்களையும், இன்னார் செய்தது என்று தங்கள் பெயர்களையும் எழுதி வைத்தார்கள். பூசிய நீலம் வெள்ளைக் கிளேஸில் ஊறிக் கொஞ்சம் கசிந்து நிற்கும். வெள்ளைத்தாளில் பேனை மை ஊறின மாதிரி இருக்கும் அது.

இதன்பின் ஸாமானியர் ஆட்சியில் குராஸானின் நைஸாபூரிலும் மத்திய ஆசியாவின் ஸமர்கந்திலும் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஒரு புதுவழி உண்டானது. அவர்கள் பாவித்தது தெளிவான ஈயக் கிளேஸ். ஈயக் கிளேஸ் உருகும்போது கீழே இருக்கிற நிறத்தை இழுத்துக்கொண்டு ஓடும். கூஃபி எழுத்தின் நேர்கோடுகளை அப்படி ஓடவிட்டால் எழுத்து எழுத்தாக இருக்காது. ஆகவே நிறத்தை மண்குழம்பில் கலந்து எழுதினார்கள். மண் பிடித்துக்கொண்டதால் நிறம் ஓடவில்லை. இன்று ஸ்டூடியோ மேசையில் இருக்கிற அண்டர்கிளேஸ் போத்தலிலும் நிறத்தோடு மண் கலந்துதான் இருக்கிறது.

நியூயோர்க்கின் மெட்ரொபொலிட்டன் அருங்காட்சியகத்தினர் 1935 முதல் நைஸாபூரில் அகழ்வு செய்தார்கள். அந்த அருங்காட்சியகத்தில் நைஸாபூரைச் சேர்ந்த 10ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் அகலம், நம் சஹன் அளவு. வெள்ளைத் தரையில், விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கூஃபி எழுத்து. வேறு அலங்காரம் எதுவும் இல்லை. வேலையில் இறங்க முன் யோசித்துக்கொண்டால் பிறகு கைசேதப்பட வேண்டி வராது என்ற கருத்தில் ஒரு புத்திமதியும், கூடவே பாக்கியமும் ஸலாமத்தும் வேண்டும் சொற்களும் அதில் இருக்கின்றன.

இந்தக் கிண்ணங்களில் எழுதியிருப்பவை பெரும்பாலும் இப்படியான புத்திமதிகளும் பரகத் வேண்டும் சொற்களும்தான். கொடைத்தன்மை, பொறுமை, பேச்சில் அடக்கம், பேராசை கூடாது என்று விருந்தாளியிடம் சொல்லத்தக்க பேச்சுக்கள். குர்ஆன் வசனங்கள் இவற்றில் மிக அரிது. சோறும் கறியும் வைத்துக் கழுவுகிற பாத்திரத்தில் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்ற அதபு அந்தக் குயவர்களிடமும் இருந்திருக்கிறது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

பிறகு நீலம் கிழக்கே போனது. ஈரானின் காஷான் பக்கத்துச் சுரங்கங்களில் எடுத்த கோபால்ட் 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டஜென் சூளைகளுக்குப் போய், உலகமெல்லாம் பெயர்பெற்ற நீலவெள்ளைப் பாத்திரங்களாக வெளிவந்தது. வெளியிலிருந்து வந்த நீலமொன்றுக்குச் சீனர் வைத்த பெயரின் பொருள் 'முஸ்லிம் நீலம்'. 1506 முதல் 1521 வரை ஆண்ட ஜெங்டெ பேரரசரின் காலத்தில் அரபும் பாரசீகமும் எழுதிய நீலவெள்ளைப் பாத்திரங்களைச் சீனக் குயவர்களே செய்தார்கள்.

இந்தப் போக்குவரத்தின் நடுவில்தான் நம் தீவு இருந்தது. மன்னாரில், பழைய மாதோட்டத் துறைமுகம் இருந்த மாந்தையில், 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது. மேற்காசியாவின் நீலப்பச்சைக் கிளேஸ் சாடித் துண்டுகளும் சீனப் பாத்திரத் துண்டுகளும் அங்கே ஒரே மண்ணில் கிடைத்தன. இரு பக்கத்துச் சரக்கும் இங்கே வந்து இறங்கியதற்கு அவை சாட்சி.

உம்மாவின் ஒரு புள்ளி

ஸ்டூடியோவில் உம்மா ஒரு பெரிய பீங்கானைத் தெரிந்தெடுத்தார். பிஸ்மி எழுதுங்களேன் என்று மகள் சொன்னாள். உம்மா தலையாட்டிவிட்டார்.

"அல்லாட பேர மீன்முள்ளுப் போடுற பீங்கான்ல எழுதுறா? வாணாம் மகள்."

நைஸாபூர்க் குயவர்கள் யோசித்ததையே அவரும் யோசித்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எங்கட உம்மா சஹன் வெச்சா ஒரு சொல்லுச் செல்லுவாங்க" என்றார். யாராவது பிந்தி வந்து வாசலில் தயங்கி நின்றால் மூத்தும்மா உள்ளே இருந்து கூப்பிடுகிற சொல் அது: இன்னொரு கைக்கு இடமுண்டு.

அதை எழுதலாம் என்று முடிவானது. எந்த எழுத்தில் என்று உம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவர் வலமிருந்து இடமாகத் தொடங்கினார். அரபுத் தமிழ்.

வெலிகமவில் உம்மா சின்னப் பிள்ளையாக ஓதப்போன காலத்தில், பெண்பிள்ளைகள் பலர் முதலில் எழுதப் பழகியது இந்த எழுத்தில்தான். அரபு எழுத்தில் தமிழ்ப் பேச்சை எழுதுகிற முறை. ட, ள, ழ போன்ற ஓசைகள் அரபில் இல்லை. அவற்றுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். 'தால்' எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ட'. மூத்தும்மா இந்த எழுத்தில் கைமருந்துக் குறிப்பும் கடன் கணக்கும் மாலைப் பாட்டும் எழுதிவைத்த கொப்பிகள் ஒரு பெட்டியில் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அந்தப் பெட்டி போய்விட்டது. மூத்தும்மாவின் கையெழுத்தில் ஒரு வரிகூட இன்று எங்களிடம் இல்லை.

உம்மா எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், "உம்மும்மா, இது அரபா, தமிழா?" என்று கேட்டாள்.

"எழுத்து அரபு. பேச்சு தமிழ்."

'இடம்' என்ற சொல்லுக்கு வந்தபோது உம்மா நிறுத்தினார். தாலின் கீழே அந்தப் புள்ளி. தூரிகை நுனியால் தொட்டு வைத்த சின்னப் புள்ளி. அது சூளையில் நிற்குமா என்று ஸ்டூடியோவில் இருந்த சிங்களப் பிள்ளையிடம் கேட்டார். அந்தப் பிள்ளை ஒரு மாதிரி ஓட்டை எடுத்துக் காட்டியது. அதில் ஒரு தடவை தொட்டு வைத்த புள்ளி வெளிறி, கிளேஸுக்குள் கிட்டத்தட்டக் கரைந்து போயிருந்தது. மூன்று தடவை வைத்த புள்ளி மிளகு போலக் கறுப்பாக நின்றது.

"புள்ளி போனாச் சொல்லே போச்சி, மகள்" என்று உம்மா சொன்னார். சொன்னது சரிதான். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் 'இடம்' என்பது 'இதம்' ஆகிவிடும். அதுவும் நல்ல சொல்தான், ஆனால் மூத்தும்மா சொன்ன சொல் அதல்ல. நைஸாபூர்க் கிண்ணங்களின் கூஃபி எழுத்தில் புள்ளிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அரபு தெரிந்தவன் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அரபுத் தமிழுக்கு அந்த வசதி இல்லை. அதில் தமிழின் தனி ஓசைகள் புள்ளியில்தான் தங்கியிருக்கின்றன. உம்மா ஒவ்வொரு புள்ளியையும் காயவிட்டுக் காயவிட்டு மூன்று தடவை வைத்தார். ஒரு வரி எழுத ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

சூளைக்குள்

நாம் வந்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். வண்ணம் நன்றாகக் காய்ந்த பின் பாத்திரத்தைக் கிளேஸ் குழம்பில் முக்கி எடுப்பார்கள். முக்கி எடுத்ததும் எழுத்து முழுக்க மறைந்துவிடும். கிளேஸ் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று தெரிவதற்காகச் சில கிளேஸ்களில் இளஞ்சிவப்போ நீலமோ சாயம் சேர்த்திருப்பார்கள். அது சூளையில் எரிந்துவிடும். பாத்திரத்தின் அடிப்பாகத்தில் கிளேஸைத் துடைத்து எடுப்பார்கள், அல்லது மூன்று முனையுள்ள சின்னத் தாங்கியின்மேல் வைப்பார்கள். இல்லாவிட்டால் உருகின கண்ணாடி பாத்திரத்தைச் சூளைத் தட்டோடு சேர்த்து ஒட்டிவிடும். சுட்டு வந்த பீங்கானைப் புரட்டிப் பார்த்தால் அடியில் மூன்று சின்னத் தழும்புகள் இருப்பது இதனால்தான்.

இந்த இரண்டாவது சூடும் ஏறக்குறைய 1000 பாகைதான், சிலபோது சற்றுக் கூடும். வெப்பத்தை மெதுவாக ஏற்ற வேண்டும். மின்சூளையில் எட்டு, பத்து மணித்தியாலம் ஏறும். ஆறுவதற்கு அதைவிடக் கூட நேரம் போகும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்றுப் பட்டுப் பாத்திரம் வெடிக்கும், கிளேஸில் மயிர்க்கோடுகள் விழும். சூளை நிறைந்தால்தான் சுடுவார்கள். ஒன்றிரண்டு கிழமை காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உம்மாவின் பீங்கான் பன்னிரண்டாம் நாள் கிடைத்தது. சாம்பலாய்த் தெரிந்த எழுத்து கடும் நீலமாகியிருந்தது. உம்மா முதலில் பார்த்தது புள்ளிகளை. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, எல்லாம் கண்ணாடிக்குக் கீழே போய்விட்டன. கண்ணுக்கு மட்டும் தெரிந்தன. ஒன்றும் குறையவில்லை.

சாப்பிட முன் கேட்க வேண்டியவை

இப்படிச் செய்த பீங்கானில் சாப்பிடலாமா? ஸ்டூடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது ஈயம். பழைய கிளேஸ்களில் ஈயம் சேர்த்தார்கள் என்று மேலே சொன்னேன். ஈயம் நஞ்சு, சிறு பிள்ளைகளின் மூளைக்கு அது மிகக் கெடுதி. புளிப்பான சாப்பாடு ஈயத்தைக் கிளேஸிலிருந்து இழுத்தெடுக்கும். புளி, கொறக்கா, தேசிக்காய் ஊறுகாய், வினாகிரி விட்ட அச்சாறு என்று நம் சாப்பாட்டில் புளிப்புக்குக் குறைவே இல்லை. ஆகவே ஈயம் சேராத கிளேஸா, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஏற்றதா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். எங்கோ வாங்கின பழைய அலங்காரப் பீங்கானில் புளிப்பான கறியை வைக்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, எல்லா 'பீங்கான் வண்ணமும்' ஒன்றல்ல. கடைகளில் விற்கிற ஒருவகைப் பேனையால் எழுதி வீட்டு அவனில் சுடலாம் என்பார்கள். வீட்டு அவனின் 150, 200 பாகையில் கண்ணாடி உருகாது. அது வண்ணத்தைக் காயவைப்பது மட்டும்தான். அந்த எழுத்து கிளேஸுக்கு மேலேயே இருக்கும், உரசி உரசிப் போய்விடும். அதைக் கோப்பையின் வெளிப்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், சோறு படுகிற இடத்தில் வேண்டாம்.

மூன்றாவது, நம்மவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: இதில் எலும்பு சேர்ந்திருக்கிறதா? 'போன் சைனா' என்ற வகையில்தான் மாட்டெலும்புச் சாம்பலைப் பெருமளவில் சேர்க்கிறார்கள். ஸ்டூடியோக்களில் தீட்டக் கொடுப்பது பொதுவாகச் சாதாரண வெண்மண் பாத்திரம். ஐயம் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம், மறைக்க ஒன்றுமில்லை.

கடைசியாக, குறைந்த வெப்பத்தில் சுட்ட இந்தப் பாத்திரங்களின் உள்மண் துளையுள்ளதுதான். கிளேஸில் மயிர்க்கோடு விழுந்தால் அதன் வழியே ஈரமும் எண்ணெயும் உள்ளே போகும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடாமல் உடனே கழுவித் துடைத்து வைத்தால் நீண்ட காலம் இருக்கும்.

கையெழுத்து என்கிற ஆவணம்

நமது சமூகத்தின் பழைய எழுத்துகளைப் பற்றிப் பேசும்போது அச்சுக் கிதாபுகளையும் கையெழுத்துப் பிரதிகளையுமே எண்ணுகிறோம். அவை முக்கியம்தான். ஆனால் நம் உம்மாமாரின், மூத்தும்மாமாரின் எழுத்து பெரும்பாலும் கொப்பியிலும் கணக்குத் துண்டிலும்தான் இருந்தது. கறையான் தின்றது போக, மழை நனைத்தது போக, கடல் கொண்டது போக மிஞ்சியது கொஞ்சம். அரபுத் தமிழைக் கையால் எழுதத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஒரு சிலராகிவிட்டார்கள்.

சுட்ட மண் அப்படிப் போவதில்லை. அனுராதபுர அகழ்வில் கிடைத்த, பிராமி எழுத்துக் கீறிய பானைத் துண்டுகளை கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரை பின்கொண்டு போகிறார்கள் தொல்லியலாளர்கள். அந்தப் பானைகள் உடைந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் துண்டில் இருக்கிற எழுத்து அப்படியே இருக்கிறது. பாத்திரம் உடையலாம், சுட்ட எழுத்து அழியாது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அரபுத் தமிழ் எழுதத் தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் கை நடுங்கத் தொடங்க முன் ஒருநாள் இப்படியொரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போங்கள். பெரிய பாத்திரமாக எடுங்கள், சின்னதில் எழுத்து நெருங்கிவிடும். முதலில் தாளில் இரண்டு மூன்று தரம் எழுதிப் பார்க்கட்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், புள்ளிகளை மூன்று தடவை வைக்கட்டும். அவர் தன் வாயில் வருகிற சொல்லையே எழுதட்டும், நாம் ஒன்றை எழுதிக்கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டாம். பீங்கானின் பின்பக்கத்தில் அவர் பெயர், ஊர், வருடம் மூன்றையும் அதே வண்ணத்தால் குறிக்க மறந்துவிடாதீர்கள். பஸராக் குயவர்கள் பெயர் எழுதி வைத்ததால்தான் அவர்களில் சிலரின் பெயரை இன்று நாம் அறிகிறோம்.

கழுவும் எழுத்தைப் பற்றி உலமாக்கள் பேசட்டும். சுட்ட எழுத்தில் ஒன்றிரண்டையாவது நம் பிள்ளைகளுக்கு விட்டுப்போவது நம்மால் ஆகிற காரியம். அதற்கு ஒரு வெள்ளைப் பீங்கானும் ஒரு பின்னேரமும் போதும்.